தொண்ணூற்றுவரும் ஐம்பத்துமூவரும்

உடற்பயிற்சியும் விளையாட்டும் கல்லூரி மாணவர்க்கு இன்றியமையாதன என்பது எவரும் உடன்படும் உண்மை. ஆயினும், விளையாட்டை நாம் அறிவது பெரும்பாலும் ஆட்ட நாளன்று மட்டுமே. திடலைச் சூழ நின்று ஆரவாரிக்கின்றோம். வென்றவரைத் தோள்மேற் சுமக்கின்றோம். தோற்றவர்க்கு ஆறுதல் கூறுகின்றோம். ஆனால், ஆட்டம் தொடங்குமுன்னரே, ஆடுதற்குரியார் யாவர் என்பதைத் தெரிந்தெடுக்கும் மற்றொரு போட்டி நிகழ்ந்து முடிந்துவிடுகின்றது. அதனைக் காண்பார் சிலர். அதில் தோற்றாரை நினைப்பார் அவரினுஞ் சிலர். பதினொருவர் பெயர் எழுதிய தாளொன்று கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பெறும் நாளில், தம் பெயரை மேலிருந்து கீழும், கீழிருந்து மேலுமாகத் தேடி, காணாது மெல்ல அகன்றாரை நாம் அறிவோம். யாமும் ஒருமுறை அங்ஙனம் அகன்றதுண்டு.

நமக்கு அது ஒரு மாலைப்பொழுதின் வருத்தம். ஆட்டத்தையே பிழைப்பாகக் கொண்டார்க்கோ அது வாழ்வின் திருப்பம். அமெரிக்க ஐக்கிய நாட்டில், தேசியக் காற்பந்து லீக்கைச் சேர்ந்த 32 குழுக்களும் ஆண்டுதோறும் ஜூலை இறுதியில் பயிற்சிப் பாசறை அமைக்கின்றன. ஒவ்வொரு பாசறையிலும் 90 பேர் புகுகின்றனர். ஆகஸ்டு இறுதியில் எஞ்சுவோர் 53 பேர். இத்தெரிவு நிகழும் முறையினை, அக்குழுக்களுள் ஒன்றாகிய கிரீன் பே பேக்கர்ஸ் என்னுங் குழுவின் பந்தேற்போரை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

ஆட்டத்தின் இயல்பு

முதற்கண், ஈண்டுக் கூறப்படும் காற்பந்து யாதென அறிதல் வேண்டும். நம் கல்லூரித் திடலில் நாம் உதைத்தாடும் பந்தாட்டம் அன்று இஃது. பெயரளவிற் காற்பந்தேயாயினும், இதில் கால் பந்தைத் தீண்டுவது சிறுபான்மையே. இரு நுனியும் கூர்த்து நடுப் பருத்த பந்தொன்றைக் கையில் ஏந்தி ஓடியும், கையால் எறிந்தும், எதிரியின் எல்லைக்குட் கொண்டு சேர்த்தலே ஆட்டத்தின் நோக்கம். ஆடுகளம் 100 கஜ நீளமும், 53 கஜத்திற்குச் சற்று மிகுந்த அகலமும் உடையது. இரு முனையிலும் 10 கஜ ஆழமுள்ள எல்லைப் பகுதிகள் உள. ஒரு பக்கத்திற்கு 11 பேர் ஆடுவர். பந்தைப் பெற்ற குழு நான்கு முயற்சிக்குள் 10 கஜமேனும் முன்னேறல் வேண்டும். முன்னேறின், மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். தவறின், பந்து எதிரிக்கு உரியதாகும். எல்லைப் பகுதிக்குட் பந்தைச் சேர்த்தல் டச்டவுன் எனப்படும். அதற்கு 6 புள்ளிகள்.

பந்தை எறிபவன் குவார்ட்டர்பேக். அவன் எறியும் பந்தை ஓடிச்சென்று பற்றுவோரே ரிசீவர் எனப்படுவோர். அவரைப் பந்தேற்போர் என்போம். முன்வரிசையில் நிற்கும் பேருடல் படைத்த ஐவர் எதிரிகளைத் தடுத்தற்கே உரியர். எறிபந்தைப் பற்றும் உரிமை பொதுவாக அவர்க்கு இல்லை. பந்தேற்போர் வரிசையின் இரு கோடிகளிலும், சிலபோது சற்று உள்ளடங்கியும் நிற்பர். விரைந்தோடும் கால், நழுவ விடாத கை, உயரத் தாவும் உடல் ஆகிய இம்மூன்றும் உடையானே சிறந்த பந்தேற்போன் என்று காண்பார் எண்ணுவர். யாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். பாசறையின் இயல்பை ஆராயப் புகுந்தபின்னரே, இம்மூன்றும் வாயிலைத் திறக்கும் திறவுகோல்களேயன்றி, உள்ளே இடம்பெறுதற்குப் போதியன அல்ல என்பது விளங்கிற்று.

பந்தேற்போர் கற்கும் கல்வி

பந்தேற்போன் மனம்போனவாறு ஓடுபவன் அல்லன். ஒவ்வோர் ஆட்டமுறைக்கும் அவன் ஓடவேண்டிய தடம் முன்னரே வகுக்கப்பட்டிருக்கும். ஒரே அடிமரத்தினின்று கிளைகள் பிரிவதுபோல, நேராகச் செல்லும் ஒரு வழியினின்று உள்நோக்கியும் புறநோக்கியும் பிரிவன இத்தடங்கள். ஆதலின் இவற்றின் தொகுதியை மரம் என்றே அந்நாட்டார் வழங்குவர். பரவலாக வழங்கும் ஒரு முறையில் கிளைகளுக்கு எண்களும் உண்டு. இரட்டைப்படை எண்கள் பெரும்பாலும் களத்தின் உட்புறம் திரும்புவன. ஒற்றைப்படை எண்கள் வெளிப்புறக் கோட்டை நோக்குவன. 9 என்பது திரும்பாது நேரே விரைவது.

ஒருவன் 12 கஜம் ஓடித் திரும்பவேண்டுமென்று வகுத்திருந்தால், 11ஆம் கஜத்தில் திரும்புதலும் பிழை. 13ஆம் கஜத்தில் திரும்புதலும் பிழை. என்னையெனின், குவார்ட்டர்பேக் பந்தேற்போன் திரும்பியதைக் கண்டபின் எறிவதில்லை. அவன் திரும்புமுன்னரே எறிந்துவிடுகின்றான். பந்து வரும்பொழுது பந்தேற்போன் அவ்விடத்தில் இருப்பான் என்னும் நம்பிக்கையே அவ்வெறிதலுக்கு அடிப்படை. அந்நம்பிக்கை ஒருமுறை பொய்த்தால் பந்து எதிரியின் கைப்படும். இருமுறை பொய்த்தால் எறிபவன் அவன் இருக்கும் திசையையே நோக்கான்.

இன்னும் நுட்பமானது ஒன்றுண்டு. சில தடங்கள், எதிரிகள் நிற்கும் நிலைக்கேற்ப ஓட்டத்தின் நடுவிலேயே மாறுவன. எதிரிகள் இடங்காத்து நின்றால் ஒருவகை. ஆளைத் தொடர்ந்து வந்தால் மற்றொருவகை. எறிபவனும் ஏற்பவனும் ஒருவரோடொருவர் பேசாமலே, ஓடும் விரைவில் ஒரே முடிவிற்கு வரவேண்டும். தமிழ் மாணவராகிய எமக்கு இது புதுமையன்று. ஒரு நூற்பாவிற்கு இருவர் இருவேறு உரை காணின் ஆசிரியர் முன்னிலையில் வாதிடலாம். ஈண்டோ வாதிடற்கு நேரமில்லை. உரை வேறுபட்டால் பந்து வெறுநிலத்தில் வீழும்.

இவையன்றிக் களத்தின் விதிகளும் அவனை நெருக்குவன. எதிரி அவனைக் கையால் தடுத்து நிறுத்த முயலலாம்; 1978இல் ஏற்பட்ட விதியின்படி அத்தடை 5 கஜ எல்லைக்குள் அடங்குதல் வேண்டும். அவ்வைந்து கஜத்தைக் கைகலந்து கடக்க அறியாதவன் எத்துணை விரைந்தோடினும் பயனில்லை. கோட்டோரத்தில் பந்தைப் பற்றுங்கால் இரு பாதங்களும் களத்திற்குள் பதிதல் வேண்டும். கல்லூரி ஆட்டத்தில் ஒரு பாதம் பதிந்தாற் போதும். தொழில்முறை ஆட்டத்திற்கு வரும் இளைஞன் இவ்வொரு பாதத்தின் பொருட்டுத் தன் பழக்கத்தையே மாற்றிக்கொள்கின்றான்.

பந்தேற்றலை ஒரு கலையாக வளர்த்தவருள் முன்னோர் டான் ஹட்சன் என்பார். அவர் 1935 முதல் 1945 வரை கிரீன் பே குழுவில் ஆடினார். எறிபந்தாட்டம் அருகி நிகழ்ந்த அக்காலத்தில் 488 முறை பந்தேற்று, 99 டச்டவுன்கள் பெற்றார். அவ்வெண்ணிக்கையை மற்றொருவர் கடக்க 1989ஆம் ஆண்டு வரை செல்லவேண்டியதாயிற்று. அக்குழுவின் உள்ளரங்கப் பயிற்சிக்கூடம் இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. அங்குப் புகும் ஒவ்வோர் இளைஞனும் அப்பெயரின் கீழ்ப் புகுகின்றான் என்க.

ஊரும் உறைவிடமும்

கிரீன் பே என்பது விஸ்கான்சின் மாநிலத்தில் மிச்சிகன் ஏரியின் கிளையொன்றின் கரையில் அமைந்த சிறு நகரம். 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி அதன் மக்கட்டொகை 1,07,000 அளவினதே. நியூயார்க்கு, சிகாகோ முதலிய மாநகரங்களின் குழுக்களோடு இச்சிற்றூர்க் குழு ஒத்து நிற்றல் வியப்பிற்குரியது. 1919இல் இறைச்சியைப் பதப்படுத்தி அடைக்கும் தொழிற்சாலையொன்று சீருடைக்குப் பொருளுதவியமையால் அடைப்போர் எனப் பொருள்படும் பேக்கர்ஸ் என்னும் பெயர் இக்குழுவிற்கு ஏற்பட்டது. மற்றைக் குழுக்கள் செல்வர் சிலரின் உடைமையாக இருக்க, இஃது ஒன்றே ஐந்து லட்சத்திற்கு மேற்பட்ட பொதுமக்கள் பங்குதாரராக உள்ள குழு. அப்பங்குகளால் அவர்க்கு ஒரு காசும் ஊதியம் வருவதில்லை. குழு தம்முடையது என்று கூறிக்கொள்ளும் பெருமையே ஊதியம்.

நம் போன்ற கல்லூரியாளர் உவந்து கேட்கத்தக்க செய்தியொன்று உண்டு. கிரீன் பே நகரை அடுத்த டி பியர் என்னும் ஊரில் தூய நார்பெர்ட் கல்லூரி உளது. 1898இல் பெர்னார்ட் பென்னிங்ஸ் என்னுந் துறவியாரால் தொடங்கப்பெற்ற இக்கல்லூரியின் மாணவர் விடுதிகள், 1958ஆம் ஆண்டு தொடங்கி நெடுங்காலமாகப் பாசறை நாட்களில் இக்குழுவினர்க்கு உறைவிடமாக உதவிவந்துள்ளன. பருவகாலத்தில் மாணவர் உறங்கும் குறுங்கட்டிலில், விடுமுறையில் ஆறடிக்கு மேற்பட்ட ஆட்டக்காரர் கால்மடக்கி உறங்குவர். பெரும்பொருள் ஈட்டும் புகழ்பெற்றவரும், நாளை இருப்போமோ என்று அறியாத புதியவரும் ஒரே கூரையின்கீழ்த் தங்குவர்.

மற்றொரு வழக்கமும் இனியது. ஆடரங்கினின்று சாலைக்கு அப்பாலுள்ள பயிற்சித் திடலுக்குச் செல்லும் ஆட்டக்காரர், வழியில் காத்திருக்கும் சிறுவர் சிறுமியரின் மிதிவண்டிகளை வாங்கி ஏறிச்செல்வர். பேருருவம் படைத்த ஒருவர் முழங்கால் மார்பில் இடிக்கச் சிறுவண்டியை மிதித்துச் செல்ல, வண்டிக்குரிய குழந்தை அவர்தம் தலைக்கவசத்தைச் சுமந்து அருகே ஓடும். பெயர்பெற்றார்க்கேயன்றிப் புதியார்க்கும் குழந்தைகள் வண்டி தருகின்றனர். தான் கவசம் சுமந்த ஆட்டக்காரர் செப்டம்பர் மாதத்தில் அவ்வூரில் இருப்பாரோ என்பது அக்குழந்தைக்குத் தெரியாது, அவர்க்கும் தெரியாது.

பாசறை நாட்கள்

பாசறை ஏறக்குறைய ஐந்து வாரங்கள் நடைபெறும். முற்காலத்தில் ஒரே நாளில் இருமுறை முழுக்கவசம் அணிந்து மோதுதல் வழக்கமாயிருந்தது. 2011ஆம் ஆண்டு ஆட்டக்காரர் சங்கத்தோடு ஏற்பட்ட உடன்படிக்கையால் அவ்வழக்கம் ஒழிந்தது. கோடை வெப்பம் ஒரு சிறு துன்பமன்று என்பதற்கு மினசோட்டா வைக்கிங்ஸ் குழுவினரான கோரி ஸ்ட்ரிங்கர் என்பாரின் முடிவே சான்று. பாசறையில் வெப்பத்தாக்குற்ற அவர் 2001 ஆகஸ்டு 1ஆம் நாள் உயிர் துறந்தார். இப்பொழுது முதல் ஐந்து நாட்கள் உடல் பழகுதற்கென விடப்படுகின்றன. பின்னரே கவசம் அணிந்த பயிற்சி தொடங்கும். தலைக்கு நேரும் அதிர்ச்சியைக் குறைத்தற்பொருட்டுக் கவசத்தின்மேல் மெத்தென்ற உறையொன்றை அணிதல் 2022இல் சில நிலையினர்க்குக் கட்டாயமாயிற்று; 2024 முதல் பந்தேற்போர்க்கும் அவ்விதி உரியதாயிற்று.

காலையிற் பயிற்சி, பின்னர் வகுப்பு. பயிற்சி முழுவதும் படமாகப் பிடிக்கப்பட்டு, அன்றே அனைவர் முன்னிலையிலும் காட்டப்படும். தவறவிட்ட பந்தும், பிழையாக எடுத்த அடியும், பந்து தன்பால் வாராதென அறிந்து ஓட்டத்தைத் தளர்த்திய சோர்வும் ஆண்டுத் திரையில் மறைவின்றித் தோன்றும். மாணவர் ஒருவர் தம் விடைத்தாளை வகுப்பனைவரும் காணத் திருத்தக் காண்பதை இதற்கு ஒப்பிடலாம். ஆகஸ்டு மாதத்தில் பிற குழுக்களோடு மூன்று முன்னோட்ட ஆட்டங்கள் நிகழும். 2020 வரை அவை நான்காக வகுக்கப்பட்டிருந்தன. 2021இல் பருவ ஆட்டங்கள் 17 ஆக உயர்ந்தபொழுது இவை மூன்றாகக் குறைந்தன. இவற்றில் வெற்றி தோல்வி கணக்கில் சேராது. நிலைபெற்ற ஆட்டக்காரர் சிறிதுநேரமே ஆடுவர்; புதியார்க்கோ இவையே தம்மைக் காட்டும் அரங்கு. ஓராட்டம் குறைந்ததனால் புதியாரின் வாய்ப்பில் நான்கில் ஒரு பங்கு குறைந்தது என்பதனையும் கருதல் வேண்டும்.

இடங்கள் எத்துணை?

53 இடங்களும் பந்தேற்போர்க்கு உரியன அல்ல. பந்தை முன்செலுத்தும் பகுதிக்கு ஏறத்தாழ 25 பேர். எதிர்த்து நிற்கும் பகுதிக்கு ஏறத்தாழ 25 பேர். பந்தை உதைப்போரும் அவர்க்குப் பந்தைப் பின்னே அனுப்புவோருமாக மூவர். இதனுள் பந்தேற்போர்க்குக் கிடைப்பன பொதுவாக ஐந்து முதல் ஏழு இடங்கள். பாசறைக்கு வருவோரோ பதின்மர் முதல் பதின்மூவர். மேலும், முதல் மூன்று நான்கு இடங்கள் பாசறை தொடங்குமுன்னரே ஏறக்குறைய உறுதிப்பட்டிருக்கும். ஆதலின் உண்மைப் போட்டி இரண்டு மூன்று இடங்களுக்கே.

இளைஞர் குழுவிற்கு வரும் வழியும் அவர்தம் நிலையை ஒருவாறு வகுத்துவிடுகின்றது. ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தில் 32 குழுக்களும் முறைவைத்து, கல்லூரி ஆட்டக்காரரை ஏழு சுற்றுகளில் தெரிந்தெடுக்கும். முதற்சுற்றில் வந்தவனுக்குப் பெரும்பொருள் முன்னரே உறுதியாகிவிடுதலின் அவனை எளிதில் நீக்கார். ஏழாம் சுற்றில் வந்தவனும், ஒரு சுற்றிலும் அழைக்கப்பெறாது பின்னர் வந்து சேர்ந்தவனும் ஒவ்வொரு நாளும் தம் இடத்தைப் புதிதாக ஈட்டுதல் வேண்டும்.

இவ்வகையில் கிரீன் பே குழுவின் வரலாறு குறிப்பிடத்தக்கது. 2002இல் ஜாவோன் வாக்கர் என்பாரை முதற்சுற்றில் எடுத்தபின், 2025இல் மாத்யூ கோல்டன் என்பாரை 23ஆம் தெரிவாக எடுக்கும்வரை, இக்குழு முதற்சுற்றில் ஒரு பந்தேற்போரையும் எடுத்ததில்லை. கிரெக் ஜென்னிங்ஸ் (2006), ஜார்டி நெல்சன் (2008), ராண்டல் காப் (2011), டாவாண்டே ஆடம்ஸ் (2014) ஆகிய புகழ்பெற்ற நால்வரும் இரண்டாம் சுற்றினர். 2022இல் ஆடம்ஸ் வேறு குழுவிற்குச் சென்றபின், கிறிஸ்தியன் வாட்சன், ரோமியோ டப்ஸ், ஜெய்டன் ரீட், டோண்டேவியன் விக்ஸ் முதலிய இளைஞரே அவ்விடங்களை நிரப்பினர். 2025இல் கோல்டனோடு சேவியன் வில்லியம்ஸ் என்பாரும் மூன்றாம் சுற்றில் வந்து சேர, அவ்வாண்டுப் பாசறையில் பந்தேற்போர் வரிசை பெரிதும் நெருங்கியதாயிற்று.

கடைசி இடம் எவனுக்கு?

இனி, இக்கட்டுரையின் உயிர்நிலையாகிய வினாவிற்கு வருகின்றோம். ஆறாம் பந்தேற்போனாக நிற்கும் இடம் எவனுக்குக் கிடைக்கும்? பந்தை நன்றாகப் பற்றுபவனுக்கு என்று விடைகூறின் அது முற்றும் பொருந்தாது. என்னையெனின், ஆறாமவனை நோக்கிப் பந்து எறியப்படுவது அரிது. ஓர் ஆட்டம் முழுவதும் அவன்பால் ஒரு பந்தும் வாராமற் போகலாம். அங்ஙனமாயின், பந்து வாராத வேளையில் அவனால் ஆவது யாது என்பதே பயிற்சியாசிரியர் எண்ணும் எண்ணம்.

தன் குழு பந்தை நெடுந்தூரம் உதைத்துவிட, அதனை ஏந்திவரும் எதிரியை நாற்பது ஐம்பது கஜம் விரைந்தோடித் தரையில் வீழ்த்த வல்லனா? எதிரி உதைத்த பந்தை, தன்மேற் பாய வருவோர்க்கு அஞ்சாது ஏந்திக்கொண்டு ஓட வல்லனா? தன் தோழன் பந்தோடு ஓடுங்கால், தன்னினும் பருத்த எதிரியைத் தடுத்து வழிவிட வல்லனா? வலக்கோடி, இடக்கோடி, உள்ளிடம் ஆகிய மூன்று நிலைகளின் தடங்களையும் அறிந்து, எவர் காயமுற்றாலும் அக்கணமே அவ்விடத்திற் புக வல்லனா? இவ்வினாக்களுக்கு ஆம் என்பவனே பெரும்பாலும் எஞ்சி நிற்பான். ஆட்டநாளில் களமிறங்கத்தக்கார் 48 பேருக்கு மேற்படார் ஆதலின், ஒருவனே இருவர் பணியைச் செய்தல் குழுவிற்குப் பேருதவியாகும்.

போ மெல்ட்டன் என்பாரின் வரலாறு இதனை விளக்கும். அவர் 2022இல் ஏழாம் சுற்றில் சியாட்டில் குழுவால் எடுக்கப்பட்டு, அவ்வாண்டுப் பாசறை முடிவில் நீக்கப்பட்டார். அவ்வாண்டின் இறுதியில் கிரீன் பே அவரைச் சேர்த்துக்கொண்டது. 2023 ஆகஸ்டில் அங்கும் 53 பேருள் அவர் இடம்பெறவில்லை. ஆயினும் பயிற்சிக் குழாத்தில் இருந்து உழைத்தார். பருவத்தின் இறுதியில் பந்தேற்போர் சிலர் காயமுற்றிருந்த வேளையில், 2023 டிசம்பர் 31ஆம் நாள் மினசோட்டாவிற்கு எதிரான ஆட்டத்தில் களமிறங்கி, 6 முறை பந்தேற்று 105 கஜம் பெற்று ஒரு டச்டவுனும் எய்தினார். அப்பருவத்தில் ஓராட்டத்தில் 100 கஜம் எய்திய முதற் கிரீன் பே பந்தேற்போர், ஆகஸ்டில் வேண்டாவென்று விடப்பட்ட இவரே! பின்னர், 2025ஆம் ஆண்டுப் பாசறையில், பந்தேற்போரை எதிர்த்துக் காக்கும் நிலையிலும் இவரைப் பயிற்றிப் பார்த்தனர். நேற்றுவரை எவரை ஏய்த்து ஓடினாரோ அவர் பணியையே தாமும் கற்கத் தலைப்பட்டார்.

டொனால்டு டிரைவர் என்பார் இன்னும் பெரியதோர் எடுத்துக்காட்டு. இளமையில் ஹூஸ்டன் நகரில் வீடின்றிச் சிலகாலம் அலைந்த அவரை, 1999இல் ஏழாம் சுற்றில் 213ஆம் தெரிவாகக் கிரீன் பே எடுத்தது. முதல் ஆண்டுகளில் அவர்பால் எறியப்பட்ட பந்துகள் மிகச் சில. முதற்சுற்று வாக்கர் வந்துசேர்ந்த அதே 2002ஆம் ஆண்டில், இவ்வேழாம் சுற்றினர் ஒரு பருவத்தில் 1,000 கஜத்தைக் கடந்தார். 2012ஆம் ஆண்டுப் பருவத்தோடு ஆட்டத்தை நிறுத்தியபொழுது 743 முறை பந்தேற்று 10,137 கஜம் பெற்று, அக்குழுவின் வரலாற்றிலேயே முதலிடம் எய்தியிருந்தார். 1999இல் கடைசி இடங்களை எண்ணிய கை சற்றே தயங்கியிருப்பின், இவ்வரலாறு நிகழ்ந்திராது.

விடைபெறும் நாள்

ஆகஸ்டு மாத இறுதியில் ஒரு செவ்வாய்க்கிழமை, கீழ்க்கரை நேரப்படி மாலை 4 மணிக்குள் ஒவ்வொரு குழுவும் தன் பட்டியை 53 ஆகக் குறைத்தல் வேண்டும். 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் இது படிப்படியாக நிகழ்ந்தது; 2023 முதல் ஒரே தவணையாயிற்று. குழுவொன்றிற்கு 37 பேர் எனக் கொள்ளின், 32 குழுக்களிலும் குறைக்கப்பட வேண்டியார் 1,184 பேர். இவருட் சிலர் காயமுற்றோர் பட்டியிற் சேர்க்கப்படுவர், ஏனையோர் விடைபெறுவர்.

விடைபெறுவாரைப் பயிற்சியாசிரியரிடம் அழைத்துச் செல்லும் ஊழியருக்குத் துருக்கியன் என்றொரு புனைபெயர் அந்நாட்டு ஆட்டக்காரரிடையே வழங்குகின்றது. அவர் வந்து தோளைத் தொட்டு, ஆட்டமுறைகள் எழுதிய ஏட்டையும் எடுத்துக்கொண்டு வருக என்பாராம். ஏட்டை எடுத்து வருக என்ற அளவிலேயே பொருள் விளங்கிவிடும். இக்காலத்தில் அவ்வேடு மின்கருவியாக மாறியுள்ளது. அச்சொல்லின் பொருள் மட்டும் மாறவில்லை.

புகழும் முன்னைச் செயலும் ஆண்டுத் துணைநில்லா. 1,549 முறை பந்தேற்று 22,895 கஜம் பெற்று, ஒப்புயர்வற்றவரென அனைவராலும் ஒப்புக்கொள்ளப்பட்ட ஜெரி ரைஸ் என்பார், தம் 42ஆம் வயதில், 2005இல் டென்வர் குழுவின் பாசறையிற் புகுந்தார். முன்னிலைப் பந்தேற்போருள் தமக்கு இடமில்லை என்பது தெளிவானவுடன், செப்டம்பர் 5ஆம் நாள் ஆட்டத்தினின்று ஓய்வு பெற்றார். இருபது ஆண்டுப் பெருமையும் ஐந்து வாரப் பாசறையும் ஒருங்கே நிறுக்கப்பட்டபொழுது பாசறையே கனத்தது.

விடுக்கப்பட்டார் நிலை

நீக்கப்பட்டவன் கதை அத்துடன் முடிவதில்லை. நான்கு பருவங்கட்குக் குறைவாக ஆடியவனைப் பிற குழுக்கள் 24 மணி நேரத்திற்குள் வேண்டிப் பெறலாம். பலர் வேண்டின், முன்னாண்டில் தாழ்ந்து நின்ற குழுவிற்கு முதலுரிமை. எவரும் வேண்டாராயின் அவன் தன் குழுவிலேயோ வேறொன்றிலேயோ பயிற்சிக் குழாத்திற் சேரலாம். அக்குழாத்தில் 16 இடங்கள் உண்டு. வேற்றுநாட்டார் ஒருவர்க்கு மேலும் ஓரிடம் தரப்படும். இவர்கள் நாள்தோறும் பயிற்சியில், வரும் வாரத்து எதிரியைப்போல் நடித்து ஆடித் தம் தோழரைத் தயார் செய்வர். ஆட்ட நாளில் மேலே அழைக்கப்படுவோர் இருவரே. பிற குழு விரும்பின் இவருள் எவரையும் தன் 53 பேருள் ஒருவராகச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஊதியத்தில் உள்ள வேற்றுமையும் கருதற்பாலது. 2025ஆம் ஆண்டில் 53 பேருள் ஒருவனாகப் பருவம் முழுதும் இருக்கும் புதியவனுக்குக் குறைந்த அளவு ஊதியம் 8,40,000 டாலர். பயிற்சிக் குழாத்துப் புதியவனுக்கு வாரத்திற்கு 13,000 டாலர். பருவத்தின் 18 வாரமும் இருந்தாலும் முன்னதில் மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைவு. எந்த வாரத்திலும் அவன் மீண்டும் விடுக்கப்படலாம். 53ஆம் மனிதனுக்கும் 54ஆம் மனிதனுக்கும் ஆற்றலில் உள்ள இடைவெளி ஒரு மயிரிழை. வாழ்வில் உள்ள இடைவெளி இத்துணை.

முடிவுரை

இம்முறை கொடிதன்றோ என்று வினவுவாருளர். மனிதரை எண்களாகக் கருதி, வேனிலில் அழைத்து வேனிலிலேயே விடுத்தல் நெஞ்சை உறுத்துவதே. அதனை யாம் மறுக்கவில்லை. ஆயினும் இதன்கண் நேர்மையொன்று உண்டு. எந்தக் கல்லூரியிற் பயின்றான், எச்சுற்றில் வந்தான், நேற்று யாதாயிருந்தான் என்பவை வாயில்வரை வந்து நின்றுவிடுகின்றன. உள்ளே வினவப்படுவது இன்று யாது செய்வாய் என்பதே. அவ்வினாவிற்கும் சிலபோது பிழையான விடை எழுதப்படுகின்றது என்பதற்கு மெல்ட்டன் சான்று. ஆதலின், பட்டியில் இல்லாமை ஒருவனது தகுதியின்மைக்கு முடிந்த முடிபன்று. இடங்களின் குறைவிற்கே பெரும்பாலும் அடையாளம்.

பந்து தன்னை நோக்கி வாராத வேளையிலும் குறித்த தடத்தைக் குறித்த அளவில் ஓடி முடித்தலே பாசறை கற்பிக்கும் பாடம் என யாம் கருதுகின்றோம். பெரும்பாலான ஓட்டங்களில் பந்து வாராது. வரும் ஓட்டம் எதுவென்பது முன்னர்த் தெரியாது. அடுத்த ஆண்டு அறிவிப்புப் பலகையில் நம் பெயர் இருப்பினும் இல்லையாயினும், மாலைதோறும் திடலுக்குச் செல்வோமாக. நம்மோடு பயின்று, பெயர் காணாது அகன்ற தோழர் எவரேனும் உளராயின், அவரையும் உடன் அழைத்துச் செல்வோமாக.